டீசல் லைட் எரிஞ்சு 40 கிமீ போன வண்டி, இந்தத் தடவை 22-லேயே பாம்பன் பாலத்துல நின்னுருச்சு. ஏன்?

உச்சிப்புளி_லோடு (இழையைத் தொடங்கியவர்) · டிசம்பர் 10, இரவு 9:40

அண்ணன்மாருக்கு வணக்கம். ராமநாதபுரத்துல இருந்து ராமேஸ்வரத்துக்குப் பிக்கப் ஓட்டுறேன். போகும்போது ஐஸும் காலிப் பெட்டியும், வரும்போது மீன். 2015 மாடல் டீசல் வண்டி. டேங்க் 60 லிட்டர்னு புத்தகத்துல போட்டிருக்கு. லோடோட லிட்டருக்கு 11 கொடுக்கும்.

எனக்கு முன்னாடி இதை ஓட்டின அண்ணன் சாவியைக் கையில கொடுக்கும்போதே சொன்ன வார்த்தை: "டீசல் முள்ளு ஈ-யை (E, அதாவது காலி) தொட்டு லைட்டு எரிஞ்சாலும் பதறாத தம்பி, அங்கேருந்து 60 கிலோமீட்டர் தாராளமா போகும்." அதை நம்பித்தான் ரெண்டு வருசமா ஓட்டுறேன். 60 போய்ப் பார்த்ததில்லை. ஆனா லைட் எரிஞ்ச பிறகு 35, 40 எத்தனையோ தடவை போயிருக்கேன். ஒரு நாளும் கைவிட்டதில்லை.

நேத்து ராத்திரி உச்சிப்புளி தாண்டும்போது லைட் வந்துச்சு. துறைமுகம் இன்னும் ஒரு 36 கிமீ. போயிரலாம்னு விட்டேன். பாலத்துல ஏறி உச்சிக்குக் கொஞ்சம் முன்னாடி ரெண்டு குலுக்குக் குலுக்கிச்சு, அவ்வளவுதான். லைட் எரிஞ்சதுல இருந்து 22 கிமீதான் ஓடியிருக்கு. மணி ரெண்டரை. வாடைக்காத்து ஆளைத் தூக்குது. பின்னாடி ஐயப்ப சாமிகள் வேன். திட்டுவாங்கன்னு நினைச்சேன், நாலு சாமி இறங்கி வந்து சக்கரத்துக்கு ஐஸ் பெட்டிப் பலகையை அண்டக் கொடுத்தாங்க. ஒரு பெரியவர் செல்போன் டார்ச்சைப் பின்னாடி காட்டிக்கிட்டே நின்னார். மண்டபத்துல இருந்து ஒரு நண்பன் 5 லிட்டர் கேன்ல டீசல் கொண்டு வந்து ஊத்தி, ஃபில்டர் மேல இருக்கிற கைப்பம்பை ஒரு அம்பது தடவை அமுக்கின பிறகுதான் ஸ்டார்ட் ஆச்சு.

துறைமுகம் போய்ச் சேர்ந்தப்ப ஏலம் முடிஞ்சு, என் லோடை வேற வண்டியில ஏத்திட்டாங்க. வாடகை போச்சு.

கேள்வி இதுதான்: 40 போன வண்டி 22-ல ஏன் நிக்குது? ஈ-ன்னா உள்ளே உண்மையில எவ்வளவு இருக்கும்?

மதுரை_ரிங்ரோடு · டிசம்பர் 10, இரவு 9:58

முள்ளு ஈ-யில நின்னா வண்டிக்காரன் ஈ ஓட்டணும். வேற என்ன?

கீழக்கரை_காக்கா · டிசம்பர் 10, இரவு 10:20

தம்பியைக் கிண்டல் பண்ணாதீங்க மச்சான். லைட் எரிஞ்ச பிறகு ஓட்டாத டிரைவர் யாராவது இருந்தா முதல் கல்லை எறியட்டும்.

நான் சவுதியில பதினோரு வருசம் வண்டி ஓட்டினவன். அங்கே வண்டியில "இன்னும் இத்தனை கிலோமீட்டர் போகும்"னு எண்ணே காட்டும். அதையும் நம்பக் கூடாது. கடைசியா ஓடின ஓட்டத்தை வச்சு அது போடுற உத்தேசக் கணக்கு அது. காலி வண்டியை நிதானமா ஓட்டிட்டு, அப்புறம் லோடு ஏத்தி மிதிச்சா, எண் உங்க கண் முன்னாடியே பத்து பத்தா குறையும்.

உங்க கேஸ்ல எனக்குப் படுறது பாலம்தான். 1988-ல திறந்த பாலம், ரெண்டே கால் கிலோமீட்டருக்கு மேல நீளம். அடியில படகு போக நடுவை உயர்த்திக் கட்டியிருக்கான். நம்ம ஜில்லாவுல வண்டி மூக்கைத் தூக்குற இடம் அது ஒண்ணுதான். மூக்கு தூக்கினா டேங்க்ல மிச்சம் இருக்கிற டீசல் பின்பக்கம் ஒதுங்கும். உறிஞ்சுற குழாய் முன்பக்கமா இருந்தா காத்தைத்தான் உறிஞ்சும்.

நாலாம்வருசம்_மெக் · டிசம்பர் 10, இரவு 10:47

காக்கா சொல்றது சரி. அதோட இதையும் சேர்த்துக்குங்க. டேங்க் உள்ளே ஒரு மிதவை இருக்கு, அதைத் தாங்குற கை ஒரு மின்தடையை நகர்த்துது. அந்தத் தடையோட அளவுதான் முள்ளா காட்டுது. அதாவது முள் காட்டுறது அந்த இடத்துல டீசல் நிக்கிற உயரம், லிட்டர் இல்ல. டேங்க் நேரான பெட்டியா இருந்தா உயரமும் லிட்டரும் ஒரே மாதிரி குறையும். ஆனா சேஸிஸுக்கு இடம் விட்டு, அடியில வளைச்சு, ஓரத்தைச் சரிச்சுத்தான் டேங்க் செய்வாங்க. அதனாலதான் முழுசுல இருந்து பாதிக்கு வர நாளாகுது, பாதியில இருந்து ஈ-க்கு விறுவிறுன்னு இறங்குது. டீசல் தளும்பும்போது முள் ஆடாம இருக்க வேணும்னே மந்தமா வேற வச்சிருப்பாங்க.

எதிர்க்காத்தும் சும்மா இல்ல. காத்து தடுக்கிற விசை வேகத்தோட இருமடிக்கு ஏறும். 60-ல போற வண்டிக்கு எதிரே 30-ல காத்து அடிச்சா, வண்டிக்கு அது 90-ல போற மாதிரி. பெட்டி கட்டின பிக்கப்போட முகம் வேற சுவர் மாதிரி இருக்கும். மைலேஜ் 11-ல இருந்து 8-க்கு வந்தாக்கூட ஆச்சரியப்பட மாட்டேன்.

தொண்டி_மச்சான் · டிசம்பர் 10, இரவு 11:15

தம்பி, 22 கிமீக்கு 11 கொடுத்தாலும் 8 கொடுத்தாலும் வித்தியாசம் முக்கால் லிட்டர். அந்த முக்கால் லிட்டர்லயா வண்டி நிக்கும்? படிச்ச புள்ளைங்க கணக்குப் போடாம காத்தைப் பத்திப் பேசுது.

என்னைக் கேட்டா டேங்க்ல யாரோ குழாய் விட்டு உறிஞ்சிருக்கான். ராத்திரி வண்டியை எங்கே விடுறீங்க? எங்க பக்கம் மூடிக்குப் பூட்டு போடாத வண்டியே கிடையாது. டிரைவர்கள் டேங்க்கை நிரப்பாததுக்கு அதுவும் ஒரு காரணம். நிறைஞ்ச டேங்க்கோட வண்டியைத் தெருவுல விட்டுட்டு எவன் நிம்மதியாத் தூங்குவான்?

இல்லாட்டி ஒண்ணு செய்ங்க. போட்டுக்காரங்ககிட்ட கேன்ல டீசல் எப்பவும் இருக்கும். பத்து லிட்டர் வாங்கி வண்டியில வச்சுக்குங்க, விலையும் கம்மி.

மட்டுறுத்துநர் · டிசம்பர் 10, இரவு 11:22

படகுக்குக் கொடுக்கும் வரிவிலக்கு டீசலை வண்டியில் ஊற்றும் யோசனை இந்தத் தளத்தில் வேண்டாம். அது கடலுக்குப் போகிறவனின் பங்கு. மண்ணெண்ணெய் கலப்பது பற்றியும் எழுத வேண்டாம், நீக்கப்படும்.

தொண்டி_மச்சான் · டிசம்பர் 10, இரவு 11:25

மண்ணெண்ணெய் பேச்சை நான் எடுக்கவே இல்லையே! மனசுல இருந்ததை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

கருவாட்டுக்கடை_அக்கா · டிசம்பர் 11, காலை 6:05

நான் வண்டி ஓட்டத் தெரியாதவ. ஆனா வண்டிக்காக நின்னு நின்னு கால் வீங்கினவ. தங்கச்சிமடத்துல கருவாடு போடுறேன், வாரம் ரெண்டு தடவை வாடகை வண்டி பிடிக்கணும். எல்லாரும் முள்ளு, காத்து, பாலம்னு பேசுறீங்க. எனக்கு ஒண்ணுதான் புரியல. வாடகை பேசும்போது "டீசல் ஃபுல்லா இருக்குக்கா"ன்னு சத்தியம் பண்றானுங்க. ஏறி உக்காந்தா முதல் வேலையா வண்டியைப் பங்க்குக்குள்ள விட்டு, "அக்கா ஒரு ஐநூறு கொடுங்க, வாடகையில கழிச்சுக்கலாம்"ங்கிறானுங்க. எந்த வண்டியில ஏறினாலும் இதே கதைதான். ஏன்டா தம்பி இப்படி?

கருவாடு ஒரு மணி நேரம் காத்திருக்கும். பச்சை மீன் காத்திருக்குமா? ஐஸ் கரைய ஆரம்பிச்சா பெட்டிக்கு விலை இறங்கும். உங்களுக்கு வாடகைதான் போச்சு, அந்த யாவாரிக்கு என்ன போச்சுன்னு கேட்டுப் பாருங்க.

உச்சிப்புளி_லோடு · டிசம்பர் 11, காலை 10:30

அக்கா கேட்டதுக்கு உண்மையைச் சொல்லிடறேன். முதலாளி நடைக்கு ஆயிரம் ரூபாய் டீசலுக்குக் கொடுப்பார். இன்னிக்கு விலைக்கு அது பத்தே முக்கால் லிட்டர் சொச்சம். ராமநாதபுரம் - ராமேஸ்வரம் 55 கிமீ, போக வர 110. லிட்டருக்கு 11-ன்னா சரியா பத்து லிட்டர். மிச்சம் முக்கால் லிட்டர். துறைமுகத்துல வரிசையில நிக்கும்போது, டவுனுக்குள்ள நெரிசல்ல ஊரும்போது அந்த முக்காலும் காலி. டேங்க் எப்படி நிறையும்? ரெண்டு வருசத்துல இந்த வண்டி முள்ளு கால்வாசிக்கு மேல ஏறி நான் பார்த்ததே நாலஞ்சு தடவைதான். வாரத்துல மூணு நாள்தான் விசைப்படகு கடலுக்குப் போற ஊரு. கடல் மோசம், படகு போகலைன்னா நடையும் இல்ல, ஆயிரமும் இல்ல. தெரிஞ்சு ஏமாத்துறது இல்லக்கா. இப்படித்தான் ஓடுது.

மச்சான், திருட்டு இல்ல. வண்டி வீட்டு வாசல்லதான் நிக்கும், மூடிக்குப் பூட்டும் இருக்கு. மூடி மேல நாய் படுத்திருக்கும்னு சொன்னா நம்ப மாட்டீங்க.

அரிச்சல்முனை_டீ · டிசம்பர் 11, மதியம் 1:12

பாலத்துல நின்னது அதிர்ஷ்டம் தம்பி, நாலு வண்டி வருது, போன் எடுக்குது. நான் தனுஷ்கோடி முனையில டீ, சுண்டல் விக்கிறவன். ராமேஸ்வரம் டவுனை விட்டா அந்தக் கோடி வரைக்கும் ஒரு பங்க் கிடையாது. 2017-ல முனை வரைக்கும் தார் ரோடு திறந்த பிறகு, டூரிஸ்ட் வண்டி லைட் எரிய எரிய வந்து நிக்கிறது தினசரிக் கூத்து. ரெண்டு பக்கமும் கடல், நடுவுல ஒரு கோடு ரோடு, காத்துல மணல் பறந்து வந்து ரோட்டுல குவியும். போன மாசம் ஒரு குடும்பம் 64 புயல்ல இடிஞ்ச அந்த சர்ச் பக்கத்துல நின்னுட்டாங்க. சாயங்காலம் ஆனா போலீஸ் எல்லாரையும் கிளப்பி விடுவாங்க. அவங்க கிளம்ப முடியாம நிக்க, கடைசியில மீன் ஏத்த வந்த வண்டிதான் கயிறு கட்டி டவுன் வரைக்கும் இழுத்துட்டுப் போச்சு. பெட்ரோல் காரு. பாட்டில்ல வாங்கிட்டு வரலாம்னா பங்க்ல பாட்டிலுக்குப் பெட்ரோல் தர மாட்டாங்க.

நான் கடைக்குச் சாமான் ஏத்துற வண்டியில ஒரு பழக்கம் வச்சிருக்கேன். டவுனைத் தாண்டும்போது முள்ளு கால்வாசிக்குக் கீழே இருந்தா திரும்பிடுவேன். டீக்கடை ஒரு மணி நேரம் லேட்டா திறந்தா கடல் ஒண்ணும் கோவிச்சுக்காது.

சாயல்குடி_உப்பு · டிசம்பர் 11, மாலை 4:40

எங்க பக்கம் உப்பு லோடு அடிக்கிற டிரைவருங்க ஒரு வித்தை சொல்வாங்க. லைட் வந்துட்டா நியூட்ரல்ல போட்டு உருட்டுன்னு. தம்பி அதை முயற்சி பண்ணலாம்.

இன்னொண்ணு, அடியில அழுக்கு இருக்கும். ஈ-யில ஓட்டினா அந்த அழுக்கெல்லாம் குழாய்க்குள்ள போய் அடைச்சுக்கும். அதுதான் நின்னிருக்கும்.

பிளக்ஸ்பேனர்_தாத்தா · டிசம்பர் 11, இரவு 7:25

முப்பத்தெட்டு வருசம் டீசல் வண்டியில கை வச்சவன். இப்போ பட்டறையை மகன் பார்க்கிறான், நான் பேரன் போன்ல உங்க சண்டையைப் பார்க்கிறேன்.

சாயல்குடிக்காரரே, நியூட்ரல்ல உருட்ட மேடு எங்கே இருக்கு நம்ம ஜில்லாவுல? பாம்பன் பாலத்துல இறங்கும்போது ஒரு கிலோமீட்டர் உருட்டுவீங்களா? அதுவும் தப்பு. இப்போ வர்ற வண்டியில கியர்ல இருந்துக்கிட்டே ஆக்சிலேட்டரை விட்டா டீசல் அறவே நிக்கும், சக்கரமே இஞ்சினைச் சுத்தும். நியூட்ரல்ல போட்டாத்தான் ஐட்லிங்குக்கு டீசல் குடிக்கும். லோடு வண்டி இஞ்சின் பிடிப்பும் இல்லாம இறங்கினா பிரேக் எவ்வளவு தாங்கும்?

அடி அழுக்குக் கதையும் பாதிதான் சரி. குழாய் எப்பவுமே டேங்க் அடியிலதான் உறிஞ்சுது. ஃபுல் டேங்க்லயும் அதே அடிதான். டீசல் மேலாக்க இருந்து போறதில்ல. குறைவா இருக்கும்போது தளும்பல் அதிகம், கசடு கலங்கும், அது வரைக்கும் நிஜம். ஆனா அடைப்புன்னா டேங்க் நிறைய இருக்கும்போதும் லோடுல இழுக்காது.

உச்சிப்புளித் தம்பி, எனக்கு மூணு பதில் வேணும்.
அன்னிக்கு மூடியைத் திறக்கும்போது "புஸ்"ஸுன்னு காத்து இழுத்த சத்தம் வந்துச்சா?
அதுக்கு முன்னாடி ஒரு மாசத்துல, லைட் எரியும்போது வண்டி லேசா இழுத்து விட்ட மாதிரி இருந்துச்சா?
அஞ்சு லிட்டர் ஊத்தி ஸ்டார்ட் பண்ணின பிறகு பங்க்ல எவ்வளவு அடிச்சீங்க? பில் இருக்கா?

உச்சிப்புளி_லோடு · டிசம்பர் 11, இரவு 8:50

ஐயா வணக்கம். சத்தம் வரல, மூடி சாதாரணமாத்தான் திறந்துச்சு. இழுத்து விட்டது... இப்போ யோசிச்சா ஆமா. கார்த்திகை ஆரம்பத்துல ரெண்டு தடவை. குளிருக்குன்னு விட்டுட்டேன்.

பில் இருக்கு. நடந்ததை போன்ல சொன்னதும் முதலாளி கொதிச்சுட்டார். "இனிமே டீசல் இல்லைங்கிற பேச்சே என் காதுக்கு வரக் கூடாது, வாய் வரைக்கும் அடி"ன்னு ஜிபே-ல போட்டு விட்டார். பாலத்துல இருந்து பத்துப் பதினோரு கிமீ ஓட்டிப்போய் ஃபுல் பண்ணினேன். 48 லிட்டர். நாலாயிரத்து நானூத்திச் சொச்சம். அந்தக் காசை இப்போ நடைக்கு நடை கழிச்சுக்கிட்டு இருக்கார்ங்கிறது தனிக் கதை.

பிளக்ஸ்பேனர்_தாத்தா · டிசம்பர் 11, இரவு 9:30

அப்போ அன்னிக்கு உங்க வண்டியில டீசல் தீரவே இல்ல.

கணக்கைப் பாருங்க. டேங்க் 60. பங்க்ல போட்டது 48. அப்போ பங்க்குக்குள்ள நுழையும்போது உள்ளே 12 இருந்திருக்கு. பாலத்துல இருந்து அங்கே வர ஒரு லிட்டர் எரிஞ்சிருக்கும், அதைச் சேர்த்தா 13. அதுல நண்பன் ஊத்தினது 5. மிச்சம் 8. எட்டு லிட்டரை வயித்துல வச்சுக்கிட்டு உங்க வண்டி பட்டினியில நின்னிருக்கு.

காக்கா சொன்ன மாதிரி பாலத்துல டீசல் ஒதுங்கும், நிஜம்தான். ஆனா எட்டு லிட்டர் இருக்கும்போது அந்தச் சரிவுக்குக் குழாய் வெளியே தெரியாது. அப்படின்னா இத்தனை வருசத்துல பத்துத் தடவை நின்னிருக்கணும்.

புஸ் சத்தம் இல்ல, அதனால மூடியில இருக்கிற காத்துத் துளை அடைக்கல. டேங்க் நிறைய இருக்கும்போது நல்லா இழுக்குது, அதனால அடைப்பு இல்ல. எட்டு லிட்டருக்கு மேல இருந்தா ஓடுது, கீழே போனா காத்து இழுக்குது. அப்போ உள்ளே இறங்குற உறிஞ்சு குழாயில அந்த மட்டத்துல ஓட்டை இருக்கு. ஸ்ட்ராவுல நடுவுல ஓட்டை விழுந்தா இளநீர் என்ன ஆகும்? ஓட்டை இளநிக்குள்ள முங்கியிருக்கிற வரைக்கும் தெரியாது. மட்டம் இறங்கினதும் வெறும் காத்துதான் வரும்.

மதுரை_ரிங்ரோடு · டிசம்பர் 11, இரவு 9:44

தாத்தா, பங்க்ல அளவு குறைச்சுப் போட்டிருக்கலாம்ல? மீட்டர் 48 காட்டினா 48 போட்டான்னு அர்த்தமா?

பிளக்ஸ்பேனர்_தாத்தா · டிசம்பர் 11, இரவு 9:52

குறைச்சுப் போட்டிருந்தா உள்ளே எட்டை விட அதிகமா இருந்ததுன்னு ஆகும். ஃபுல்லுன்னு கழுத்து வரைக்கும் அடிச்சிருந்தா 60-க்கு மேலயும் பிடிக்கும், அப்பவும் எட்டை விட அதிகம்தான். எந்தப் பக்கம் சந்தேகப்பட்டாலும் கணக்கு என் பக்கம்தான் சாயுது. சந்தேகம் இருக்கிறவங்க பங்க்ல அஞ்சு லிட்டர் அளவுப் பாத்திரம் வச்சிருப்பாங்க, கேட்டு அளந்து பார்க்கலாம்.

தம்பி, டேங்க் யூனிட்டைக் கழட்டுங்க. மிதவையும் குழாயும் ஒரே மூடியில சேர்ந்துதான் வெளியே வரும். டீசலைப் பாதிக்குக் கீழே ஓட்டிட்டுக் கழட்டுங்க. பீடி பிடிக்கிற பயலைப் பக்கத்துல விடாதீங்க.

நாலாம்வருசம்_மெக் · டிசம்பர் 11, இரவு 10:05

ஐயா, நான் காத்து, மைலேஜ்னு சுத்திக்கிட்டு இருந்தேன். பில் எவ்வளவுன்னு கேக்கணும்னே தோணல. வெட்கமா இருக்கு.

பிளக்ஸ்பேனர்_தாத்தா · டிசம்பர் 11, இரவு 10:11

வெட்கப்பட்டு என்ன ஆகப் போகுது? லீவுக்கு வா, பட்டறையில கை அழுக்காகட்டும்.

உச்சிப்புளி_லோடு · டிசம்பர் 14, மாலை 6:30

கழட்டியாச்சு. படம் ஏத்தத் தெரியல, எழுதியே சொல்றேன். குழாய் மேல்பாதி நல்லா இருக்கு, அடிமுனையும் நல்லா இருக்கு. அடியில இருந்து மூணு விரல் உயரத்துல சுத்திலும் மோதிரம் மாதிரி துரு. நகத்தால கீறினேன், பொடிப்பொடியா உதிர்ந்துச்சு. ஒரு பக்கம் மயிரிழை கீறல். பட்டறைப் பையன் குழாய் முனையை விரலால பொத்திக்கிட்டு மேலே வாய் வச்சு ஊதினான், கீறல் வழியா காத்து அவன் மூக்குல அடிச்சுச்சு.

அடியில ஒரு டம்ளர் அளவுக்குத் தண்ணி வேற. வடிச்சோம். ஃபில்டர் அடியில இருக்கிற திருகையும் தளர்த்தினோம், அங்கேயும் தண்ணி.

ஐயா, அந்த மூணு விரல் உயரத்துல மட்டும் ஏன் துரு?

பிளக்ஸ்பேனர்_தாத்தா · டிசம்பர் 14, இரவு 8:15

ரெண்டு வருசமா உங்க டீசல் எந்த மட்டத்துல நின்னுச்சு? அங்கேதான். தண்ணியில நட்ட இரும்புக் கம்பி முழுசா முங்கின இடத்துலயும் அரிக்கும், வெளியே நீட்டின இடத்துலயும் அரிக்கும். ஆனா கரையிலதான் ஆழமா அரிக்கும். மண்டபம் ஜெட்டித் தூணைப் போய்ப் பாருங்க, அலை ஏறி இறங்குற இடத்துலதான் சிமென்ட் உதிர்ந்து கம்பி பல்லைக் காட்டும்.

டேங்க்ல டீசல் குறைய இருந்தா மிச்ச இடம் முழுக்கக் காத்து. நம்ம காத்துல ஈரமும் உப்பும் எவ்வளவுன்னு உங்க வீட்டு ஜன்னல் கம்பியே சொல்லும். பகல்ல தகரம் காயுது, ராத்திரி குளிருது, உள்சுவர் வேர்க்குது. வேர்த்த தண்ணி டீசலை விட கனம், அடிக்குப் போயிரும். இதுல ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் வண்டியை எப்படி நிறுத்தினீங்க?

உச்சிப்புளி_லோடு · டிசம்பர் 14, இரவு 8:21

ஈ-யிலதான் ஐயா. வாசல்ல.

பிளக்ஸ்பேனர்_தாத்தா · டிசம்பர் 14, இரவு 8:40

ம். நிறுத்தும்போது நிரப்பி நிறுத்தணும். நிறைஞ்ச டேங்க்ல காத்துக்கு இடம் இல்ல, வேர்க்காது. முதலாளிக்கு அது பிடிக்காதுன்னு தெரியும். யூனிட் விலையையும் போன வாடகையையும் சேர்த்து அவர்கிட்ட ஒரு தாள்ல எழுதிக் காட்டுங்க, வாயால சொல்லாதீங்க.

உங்களுது பழைய வண்டி, கைப்பம்புல ஏர் எடுத்ததும் (குழாய்ல புகுந்த காத்தை வெளியேத்தினதும்) பிழைச்சுக்கிச்சு. 2020-க்குப் பிறகு வந்த வண்டி வச்சிருக்கிறவங்க இதைப் படிச்சா கவனிங்க: அதுல டீசலை அழுத்தி அனுப்புற உயர்அழுத்தப் பம்புக்கு எண்ணெய், தண்ணி எல்லாமே டீசல்தான். டீசல் இல்லாம காத்தோட சுத்தினா உள்ளே உரசி, அந்த இரும்புத்தூள் இஞ்சினுக்குள்ள டீசலைப் பீச்சுற இன்ஜெக்டருக்குப் போகும். நின்னுட்டா செல்ஃபைப் பிடிச்சு அரைச்சுக்கிட்டே இருக்காதீங்க. டீசல் ஊத்தி, ஏர் எடுத்து, அப்புறம் சாவி.

கீழக்கரை_காக்கா · டிசம்பர் 14, இரவு 9:05

தாத்தா, பாலத்தைக் குற்றம் சொன்னதுக்குப் பாலத்துக்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிறேன். ஓட்டை விளிம்புல இருக்கிற டீசல் மேட்டுல கொஞ்சம் ஒதுங்கி, ஓட்டை சீக்கிரம் வெளியே தெரிஞ்சிருக்கும், அந்த அளவுக்காவது என் மானத்தைக் காப்பாத்துவீங்களா?

பிளக்ஸ்பேனர்_தாத்தா · டிசம்பர் 14, இரவு 9:10

கொடுத்தேன். பாலத்துல நிக்காட்டி, பாலம் தாண்டிப் பாம்பன் ஊருல நின்னிருக்கும்.

உச்சிப்புளி_லோடு · டிசம்பர் 19, இரவு 10:15

கடைசியா ஒரு தகவல். புது யூனிட் மாட்டியாச்சு. இப்போ லைட் எரிஞ்சதும் நேரா பங்க்குக்குப் போய் ஃபுல் பண்ணினேன், 50 பிடிச்சுச்சு. அதாவது லைட் எரியும்போது உள்ளே பத்து. டேஷ்போர்டுல பேனாவால எழுதி ஒட்டிட்டேன். ஃபுல் பண்ணும்போது டிரிப் மீட்டரைச் சுழியம் பண்ணிடறேன், 450 வந்தா முள் எங்கே இருந்தாலும் பங்க். முதலாளிகிட்ட தாள்ல எழுதிக் கொடுத்தேன். ரெண்டு நாள் பேசல. மூணாம் நாள் நடைக்கு ஆயிரத்து இருநூறு ஆச்சு.

அந்த 60 கிலோமீட்டர் சொன்ன பழைய டிரைவர் அண்ணனுக்கும் போன் போட்டேன். இப்போ தூத்துக்குடியில கன்டெய்னர் ஓட்டுறார். "ஏண்ணே, இந்த வண்டி ஈ-க்குக் கீழே 60 போகும்னு எதை வச்சுச் சொன்னீங்க?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சார். "நான் சொன்னது இந்த வண்டியை இல்ல தம்பி, அதுக்கு முன்னாடி முதலாளி வச்சிருந்த பழைய வண்டியை"ங்கிறார்.

தொண்டி_மச்சான் · டிசம்பர் 19, இரவு 10:20

விழுந்து விழுந்து சிரிக்கிறேன், பக்கத்து வீட்டு லைட் எரிஞ்சிருச்சு.

கருவாட்டுக்கடை_அக்கா · டிசம்பர் 19, இரவு 10:34

தம்பி, திங்கக்கிழமை காலையில 14 மூட்டை இருக்கு, ராமநாதபுரம் வரணும். வண்டி வருமா?

உச்சிப்புளி_லோடு · டிசம்பர் 19, இரவு 10:36

வரும்க்கா. டீசல் ஃபுல்லா இருக்கு.

கருவாட்டுக்கடை_அக்கா · டிசம்பர் 19, இரவு 10:37

இதைத்தாண்டா எல்லாரும் சொல்றானுங்க. பில்லை எடுத்துட்டு வா.